இமாஸ் மாற்றி அடுக்கிய மெனு

இமாஸ் மஸிதோவால் ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாது. பண்டுங் நகரின் எந்த அலுவலக வரவேற்பறையில் இருத்தினாலும், தேநீர் வந்து சேருமுன் எழுந்து நின்று, சுவரிலுள்ள அறிவிப்புகள் அனைத்தையும் வாசித்து, எது மேலே ஏற வேண்டும், எது கீழே இறங்க வேண்டும், எது அங்கே இருக்கவே தேவையில்லை என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதி முடித்திருப்பாள். உணவகத்தில் பட்டியலைப் புரட்டும்போது, சோறு முதற்பக்கத்திலும் அதற்குரிய சம்பல் நான்காம் பக்கத்திலும் கிடந்தால், அந்தக் கொடுமையைக் கண்ட மாத்திரத்தில் பசி மறந்துபோகும். வயது முப்பத்து நான்கு. "மத்தவங்களுக்குக் கால்ல சக்கரம் இருக்கும், இவளுக்கு மண்டைக்குள்ள இருக்கு" என்று அவளுடைய தாய் அண்டை வீட்டாரிடம் சொல்லி அலுத்துக்கொள்வதுண்டு.

அந்தச் சக்கரம் முதன்முதலில் சுழன்றது ஒரு மருத்துவமனையில். கணக்கியல் படிப்பை மூன்றாம் பருவத்தோடு நிறுத்திவிட்டு, சிச்சலெங்காவிலிருந்து நாள்தோறும் ரயிலேறி வந்து, அங்கே விசாரணை மேசையில் பணிபுரிந்தாள். ஒரு திங்கட்கிழமை, வருவோர் கேட்ட கேள்விகளையெல்லாம் தாளில் கோடு கிழித்து எண்ணினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளில் நூற்று நாற்பது ஒரே கேள்வி: மருந்து எங்கே தருகிறார்கள்? மருந்து தருமிடம் அவள் மேசைக்கு இருபதடித் தொலைவில்தான் இருந்தது. அதன்மேல் பெரிய பலகையும் இருந்தது. ஆனால் பலகை 'மருந்தியல் நிறுவகம்' என்று அலுவலக மொழியில் பேசியது. நோயாளியின் மகனோ 'மருந்து' என்னும் சொல்லைத் தேடிக்கொண்டு அந்தப் பலகையின் கீழேயே நின்று தவித்தான். இமாஸ் ஒரு வெள்ளைத்தாளில் 'மருந்து இங்கே' என்றெழுதி, அம்புக்குறியிட்டு, மக்கள் திரும்பும் தூணில் ஒட்டினாள். மறுவாரம் நூற்று நாற்பது பதினொன்றாகச் சுருங்கியது. தூணில் தாள் ஒட்ட யார் அனுமதி தந்தது என்று மேலதிகாரி கேட்டார், தாள் கிழிக்கப்பட்டது, நூற்று நாற்பதும் திரும்பி வந்தன. அடுத்த மாதமே அவள் வேலையை விட்டாள்.

பத்தாண்டுகளாக அவளது தொழில், வணிக நிறுவனங்களின் இணையத்தளங்களுக்கு மெனு அடுக்கித் தருவது. பரிசில் பெற்று வந்தவன், பெறாது வாடும் மற்றொருவனை வழியில் கண்டு, எந்த வழி செல்ல வேண்டும், எந்தத் துறையில் இளைப்பாற வேண்டும், யார் வாயிலில் நிற்க வேண்டும் என்று சொல்லி ஆற்றுப்படுத்தும் மரபு ஒன்று நம் பழம்பாட்டில் உண்டு. இமாஸின் தொழிலும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே. வருகின்றவன் ஒற்றைக் கையில் தொலைபேசியைப் பிடித்திருக்கிறான். அவனுடைய கட்டைவிரலுக்கு எட்டாதது அவனுக்கு இல்லாதது. மூன்று தொடுதலுக்குமேல் பொறுமை இல்லை. நிற்குமிடம் எதுவென்றும், வந்த வழியே திரும்புவது எப்படியென்றும் அவனுக்கு எந்நேரமும் தெரிய வேண்டும். தோஃபு ஆலைக்கும், பயண வண்டி நிறுவனத்துக்கும், தலைத்துணி விற்போருக்கும் அவள் இந்த அறங்களைக் காத்து மெனு அமைத்தாள். "நாலு சொல்ல வரிசையா எழுத மூணு மாசமா?" என்று முதலாளிகள் கேட்பார்கள். "நாலு சொல் எழுத ஒரு மணி நேரம்தான் பாக். மிச்சம் முப்பது சொல்லை வெளிய அனுப்பத்தான் மூணு மாசம்" என்பாள், 'ஐயா' என்று பொருள்படும் அந்தப் 'பாக்'கை மறவாமல்.

அத்தகையவள் 'சினார் ஜாரும்' என்னும் நிறுவனத்தில் தடுமாறினாள்.

பசார் பாரு சந்தைக்குப் பின்புறம் மூன்றடுக்குக் கட்டடம். தையல் இயந்திரத்துக்குரிய உதிரிப்பாகங்களை விற்கும் மொத்தக் கடை. முதலாளி ஹாஜி சேசேப்புக்கு அறுபத்தொரு வயது. அவரும் தம்பியர் வாவான், யாயான் ஆகிய இருவரும் தனித்தனியே நடத்திய மூன்று கடைகளை ஒன்றாக்கி எழுந்தது அந்நிறுவனம். சுற்றுவட்டாரத்திலுள்ள நாலாயிரம் தையற்கூடங்கள் அவர்களிடம் பொருள் வாங்கின. வாங்கும் வழி, கீழ்த்தளத்திலுள்ள நான்கு தொலைபேசிகள். பெருநாள் நெருங்கினால் ஊரெல்லாம் புத்தாடை தைக்கும். அந்த நான்கு தொலைபேசிகளும் ஓயாமல் கதறும். ஒருவர் நாற்பது முறை அழைத்தால் ஒருமுறை இணைப்புக் கிடைக்கும். ஆகவே ஹாஜி ஒரு முடிவெடுத்தார். நோன்பு மாதத்துக்கு முந்தைய ஷஅபான் மாதத்தின் முதல் நாளோடு தொலைபேசி நிறுத்தப்படும். இனி ஆர்டர் எல்லாம் இணையத்தளத்தில் மட்டுமே. அதன் மெனுவை அடுக்கித் தர இமாஸை அழைத்தார்.

தளத்தின் முகப்பில் மூன்று வாயில்கள் இருந்தன: 'சேசேப் – தொழிற்கூடம்', 'வாவான் – இல்லம்', 'யாயான் – இறக்குமதி'. இது பிழையென்று இமாஸுக்கு முதல் நாளே தெரிந்தது. வாங்க வருகிறவனுக்குக் கடைக்காரரின் குடும்ப வரிசை எதற்கு? ஆயினும் அன்றைய கூட்டத்தில் அண்ணன் தம்பியர் மூவரும் வயது வரிசையில் எதிரே வீற்றிருந்தனர். மூவரும் புன்னகைத்தனர். அத்தகைய முகங்களுக்கு நேரே 'உங்கள் பெயர் இங்கே வேண்டாம்' என்று சொல்லும் நாக்கு அந்தச் சீமையில் எவர்க்கும் வளர்வதில்லை. சொன்னால் சொன்னவர்க்கும் சங்கடம், கேட்டவர்க்கும் சங்கடம். அதனால் மூன்று வாயில்களையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே கிடந்த பொருள்களை மட்டும் ஒழுங்குசெய்து கொடுத்தாள்.

பிறகு சோதனை. ஒன்பது தையற்கூடங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேக்குப் பெட்டியோடு, மழையில் நனைந்துகொண்டு போனாள். தொலைபேசியைக் கையில் கொடுத்து, "உங்க மெஷினுக்கு ஒரு பாபின் கேஸ் எடுங்க பார்க்கலாம்" என்றாள். அடிநூல் உருளையைத் தாங்கும் சிறு உலோகச் சிமிழ் அது. ஒன்பது பேரும் ஒரே குரலில் "ரொம்ப ஈசி நெங்!" என்றார்கள். இளையவளை அன்போடு விளிக்கும் அந்தச் சொல் அவள் நெஞ்சைக் குளிர்வித்தது. 'ஒன்பதின்மரும் எளிதில் கண்டறிந்தனர்' என்று அறிக்கை எழுதினாள். ஹாஜி மஞ்சட்சோற்றைக் கோபுரமாகக் குவித்து விருந்து வைத்தார்; கோபுரத்தின் முடியை வெட்டி, தம்பியருக்கும் தராமல், இமாஸின் தட்டில் வைத்தார். அதைவிடப் பெரிய மரியாதை அங்கே இல்லை. அவள் உண்டாள்.

தொலைபேசி நிற்கும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஒரு வேலையுமின்றிக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மேலே இருக்கப் பிடிக்கவில்லை. தொலைபேசி மேசையின் தலைவர் டிடின், ரிசீவரைத் தோளுக்கும் காதுக்குமிடையே இடுக்கியபடி பேசிக்கொண்டிருந்தார்.

"ஆங், சொல்லுங்க இபு. அடியில நூல் சிக்குதா, மேலயா? அந்தப் பச்ச மெஷின்தான? சரி சரி, வெள்ளிக்கிழமை வந்துரும்." அங்கே 'இபு' என்றால் அம்மா. வைத்துவிட்டு இமாஸைப் பார்த்தார். "யார்னு நினைக்கிற? சோரேயாங் கொக்கோம் இபு."

"கொக்கோம் இபுவா? போன வாரம்தான அவங்க வீட்டுக்குப் போனேன். என்ன வேணுமாம்?"

"பாபின் கேஸ்."

"காங் டிடின், விளையாடாதீங்க. அத அவங்களே தளத்துல தேடி எடுத்தாங்க. ரொம்ப ஈசின்னாங்க." மூத்தவரை 'அண்ணா' என்னும் பொருளில் 'காங்' என்றே அங்கே அழைப்பார்கள்.

"ஈசிதான். அதனாலதான் எனக்கு ஃபோன் பண்றாங்க" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்மா, நீ கேக்கு வாங்கிட்டுப் போனியாமே? கேக்கத் தின்னுட்டு எவனாவது 'புரியல'ன்னு சொல்வானா? எனக்கு ஒரு பெட்டி வாங்கிக் குடு, உன் மெனுதான் உலகத்துலயே ஒசத்தின்னு முத்திரை குத்தித் தர்றேன்."

அவள் சிரிக்கவில்லை. மாடிப்படியிலேயே நின்றுகொண்டு, சோதனையின்போது பதிந்து வைத்த காட்சிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். முன்பு முடிவை மட்டும் பார்த்திருந்தாள். இப்போது முழுவதையும் பார்த்தாள். கட்டைவிரல் ஒரு வாயிலுக்குள் நுழைந்தது, மீண்டது, இன்னொன்றில் நுழைந்தது, நின்றது. அடுத்த நொடியில் ஒரு குரல் இனிமையாகக் கேட்டது: "கொஞ்சம் கீழ பாருங்க இபு... ஆங், அதேதான்." ஒன்பது பதிவுகளில் ஏழில் அந்தக் குரல் இருந்தது. அது அவளுடைய குரல். எதிரே ஒருவர் திணறுவதைக் காணச் சகியாமல் அவளே வழி சொல்லியிருக்கிறாள்; வழி சொன்ன நினைவே அவளுக்கு இல்லை. அவர்கள் அவள் மனம் நோகாதிருக்க 'ஈசி' என்றார்கள். அவர்கள் மனம் நோகாதிருக்க அவள் விரலைப் பிடித்து நடத்தினாள். இருதிறத்து மரியாதையும் கூடிப் பெற்ற பிள்ளை அந்த அறிக்கை. அதை நம்பித்தான் இன்னும் பன்னிரண்டு நாளில் நான்கு தொலைபேசிகளையும் நிறுத்தப்போகிறார் ஹாஜி.

மறுநாள் காலையிலேயே சோரேயாங்கில் இருந்தாள். கேக்கு வாங்கவில்லை. கொக்கோம் இபுவுக்கு ஐம்பது வயது. வீட்டின் முன்னறையில் ஆறு இயந்திரங்கள். ஆறிலும் பெண்களுக்கான நீள்அங்கிகள் மலையாய்க் குவிந்திருந்தன.

"வா வா நெங்! சாப்பிட்டியா? மெலிஞ்சுட்டியே!"

"இபு, அந்த மெனுவப் பத்திக் கேக்கணும்."

"அருமையான மெனு! என் மருமககிட்டகூடச் சொன்னேன்."

"நேத்து காங் டிடினுக்கு ஃபோன் பண்ணீங்களாமே?"

கொக்கோம் கத்தரியைத் தேடுவதுபோல் குனிந்தாள். "அது... அவன் வீட்ல குழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். விசாரிக்கலாம்னு."

"அவரோட கடைக்குட்டிக்கே பத்தொம்பது வயசு இபு."

"பத்தொம்பது வயசானா காய்ச்சல் வராதா?"

தையற்பெண்கள் துணிக்குள் முகம் புதைத்துச் சிரித்தனர். இமாஸ் வேறு வழி தேடினாள். குறை சொல்வது இவர்களுக்குக் கொடுமை என்றால், குறை சொல்வதையே உதவியாக்கிவிட்டால் என்ன? முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, "இபு, நான் பத்துக் குறை எழுதிட்டுப் போகலைன்னா என்னைத் திட்டுவாங்க" என்றாள்.

கொக்கோமின் கண்கள் கலங்கின. "ஐயோ பாவமே! முதல்லயே சொல்லக் கூடாதா? எழுதிக்கோ. நிறம் ரொம்ப வெளுப்பு. ஹாஜி யாயான் போட்டோல கன்னம் உப்பிக் கெடக்கு. ரெண்டாச்சா? ஏய் எந்தின், நீ ஒண்ணு சொல்லுடி, பாவம் இந்தப் பொண்ணு."

மூன்றாம் இயந்திரத்திலிருந்த எந்தின் சற்று யோசித்து, "பட்டனெல்லாம் சதுரமா இருக்குக்கா. வட்டமா இருந்தா லட்சணமா இருக்கும்" என்றாள்.

"மூணு! இன்னும் ஏழுதான்."

இமாஸ் எழுதுவதுபோல் பாவனை செய்தாள். உள்ளம் கொதித்தது. புகழ்ந்தாலும் மரியாதை, பழித்தாலும் மரியாதை. உண்மையை எந்தத் துவாரத்தின் வழியே உறிஞ்சி எடுப்பது? எழுந்தாள், வாசல்வரை நடந்தாள், திரும்பினாள்.

அப்போது எந்தினின் இயந்திரம் 'கடக்' என்று நின்றது.

"இபு! மறுபடியும் அடியில நூல் கூடு கட்டிக்கிச்சு!"

"வெள்ளிக்கிழமைதான்டி புதுசு வரும்! இன்னிக்கு நூத்து இருவது அங்கி போகணுமே!" கொக்கோம் பாய்ந்துபோய்த் தொலைபேசியை எடுத்து டிடினை அழைத்தாள். இணைப்பு இல்லை. மறுபடி, இல்லை. வேகமும் வெப்பமும் ஏற, வேறு வகையை இன்றைக்கே அனுப்புவார்களா என்று தளத்தைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற இமாஸ் அவள் நினைவில் இல்லை.

"எங்கடா வெச்சிருக்கீங்க? சேசேப்பா, வாவானா, யாயானா? எனக்கென்ன உங்க வீட்டுப் பாகப்பிரிவினையா கேட்டேன்? மெஷின் வீட்டுல இருக்கு, ஆனா தொழில் செய்யுது. அப்போ இது தொழிற்கூடமா, இல்லமா? செஞ்சவன் சீனாக்காரன், அப்போ இறக்குமதியா? ஒண்ணுக்குள்ள போனா பொம்ம மெஷினுக்குக் காட்டுறான். இன்னொண்ணுல நம்பர் நம்பரா கொட்டி வெச்சிருக்கான், படமே இல்ல. இதுல 'தீர்வுகள்'னு வேற ஒண்ணு! பாபின் கேஸ் கேட்டவளுக்கு என்னத்தடா தீர்வு குடுக்கப்போறீங்க?"

தொலைபேசி துணிமலைமேல் வீசப்பட்டது. அதற்கப்பால், குறிப்பேட்டில் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருந்த இமாஸைக் கொக்கோம் அப்போதுதான் கண்டாள். முகம் வெளுத்தது.

"ஐயோ நெங், நீ இருக்கியா? நான் சும்மா கத்தினேன்... ரொம்ப ஈசிதான்!"

இமாஸ் அவளுடைய இரு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொக்கோமுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த நான்கு நாள்களும் அவள் தையற்கூடம் தையற்கூடமாகச் சென்று, எதுவும் கேளாமல், ஒரு மூலையில் நின்று, இயந்திரங்கள் பழுதாவதற்காகக் காத்திருந்தாள். பிறர் இயந்திரம் நிற்க வேண்டுமென்று நெஞ்சால் விரும்புவது பாவமா என்னும் ஐயம் தொழுகைப் பாயிலும் அவளைத் துரத்தியது. இறைவன் திருவுளம், அந்நான்கு நாள்களில் பதினோரு பழுதுகள் அவளுக்கு வாய்த்தன. பதினொன்றிலும் ஒருவர்கூடச் சேசேப், வாவான், யாயான் என்று தொடங்கவில்லை. முதலில் இயந்திரத்தின் வகையைச் சொன்னார்கள். அடுத்து அது செய்யும் அட்டகாசத்தைச் சொன்னார்கள், நூல் சிக்குது, ஊசி ஒடியுது, துணி நகரலை என்று. உதிரிப்பாகத்தின் பெயர் கடைசியில்தான் வந்தது, சிலர்க்கு வரவே இல்லை. பலர் கேட்டது முன்பு வாங்கிய அதே பொருள்.

அவ்வாறே அடுக்கினாள். மேல் வரிசையில் ஐந்தே சொற்கள்: நேர்த்தையல், ஓவர்லாக், காஜா, வீட்டு மெஷின், முன்பு வாங்கியது. முதல் நான்கும் இயந்திர வகைகள். ஒவ்வொன்றின் கீழும் இயந்திரம் படுத்தும் பாடுகள், தையற்காரர் வாயிலிருந்து எடுத்த அதே சொற்களில். பாடு ஒன்றைத் தொட்டால் பாகம், படத்தோடு. எங்கே நின்றாலும் திரும்பும் வழி கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில். இதை ஒரு மறைவான முகவரியில் வைத்துவிட்டு, டிடினிடம் வந்தாள். இணைப்புக்காகக் காத்திருந்த ஆறு பேருக்கு அவர் அந்த முகவரியை அனுப்பினார். யாரும் பக்கத்தில் இல்லை, கேக்கு இல்லை, புன்னகை இல்லை. மேசைமேலிருந்த தேநீர் ஆறுமுன் ஐந்து ஆர்டர்கள் வந்து விழுந்தன.

"ஆறாவது ஆளுக்கு என்ன ஆச்சு காங்? எங்க மாட்டிக்கிட்டாரு?"

"அவரு மாட்டிக்கல. மக கல்யாணத்துக்கு ஹாஜியக் கூப்பிட ஃபோன் பண்ணவரு. அதுக்கு உன் மெனுவுல எடமில்லையே."

மகிழ்ச்சி தங்க அவகாசமில்லை. தொலைபேசி நிற்க இரண்டே நாள். புதிய அடுக்கில் மூவர் பெயருக்கும் முகப்பில் இடமில்லை. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவர்தான் அவள் தட்டில் சோற்றுக்கோபுரத்தின் முடியை வைத்தவர்.

மேலறையில் ஹாஜி சேசேப் அனைத்தையும் பொறுமையாகப் பார்த்தார். ஐந்து சொற்களையும் விரலால் தடவினார். "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. பார்க்கலாம் நெங்" என்றார்.

இமாஸ் நன்றி கூறி வெளியே வந்தாள். படியில் பாதி இறங்கி நின்றாள். 'பார்க்கலாம்' என்பது ஓசையின்றிச் சாத்தப்படும் கதவு. தாய்ப்பாலோடு அதை அறியாதவர் அங்கே எவருமில்லை. கதவு சாத்தப்பட்டதைக் கேளாதவள்போல் இறங்கிப் போய்விடுவதே நல்ல வளர்ப்பு. கீழே நான்கு தொலைபேசிகளும் கதறிக்கொண்டிருந்தன. நாளை மறுநாள் அவை ஊமையாகிவிடும். எந்தினின் இயந்திரம் கூடு கட்டும். கொக்கோம் மூன்று வாயில்களிலும் முட்டி மோதுவாள். பெருநாள் அங்கிகள் தைபடாமல் கிடக்கும். யார் கேட்டாலும் 'ஈசிதான்' என்பாள். இமாஸின் கை படியின் கம்பியை இறுகப் பற்றியது, விட்டது, மறுபடி பற்றியது. அவள் திரும்பி மேலே ஏறினாள்.

"எதையாவது மறந்து வெச்சுட்டியா நெங்?"

"ஆமா பாக். சொல்ல வேண்டியத சொல்லாம வெச்சுட்டேன். நான் எழுதிக் குடுத்த அறிக்கை பொய்."

ஹாஜியின் புன்னகை அசையவில்லை, அப்படியே நின்றது.

"ஒம்பது பேரும் ஈசின்னு சொன்னது நிஜம். கண்டுபிடிச்சாங்கன்னு எழுதினேன் பாருங்க, அது பொய். நான்தான் பக்கத்துல உக்காந்து வழி காட்டினேன்."

"மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்க. அதுல என்னம்மா தப்பு?"

"தப்பே இல்ல பாக். ஆனா ஃபோன நிறுத்திட்டா, அந்த மரியாதை அவங்க மெஷின ஓட்டாதே." தொலைபேசியை அவர்முன் வைத்தாள். "நீங்களே ஒண்ணு வாங்குங்க. பச்ச மெஷினுக்கு பாபின் கேஸ். இப்போ இருக்குற தளத்துல."

"என் கடையில நானே காசு குடுத்து வாங்கணுமா?" என்று சிரித்தபடி கண்ணாடியை மாட்டினார். கண்ணைக் கட்டிவிட்டாலும் கிடங்கில் எந்தத் தட்டில் எந்தப் பெட்டி என்று கைநீட்டி எடுக்க வல்லவர் அவர். முதலில் தம் பெயருக்குள் நுழைந்தார், அங்கே இல்லை. வாவான் பெயருக்குள் போனார். பொம்மை இயந்திரத்துக்குரியது வந்தது. யாயான் பெயருக்குள் பதினோரு எண்கள் வரிசையாக நின்றன. நெற்றியில் வேர்வை அரும்பியது. இமாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'கொஞ்சம் கீழ பாருங்க' என்று சொல்லத் துடித்த வாயை விரல்களால் அழுத்திக்கொண்டாள். நான்கு நிமிடம் கழிந்தபின் ஹாஜி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஈசிதான்" என்றார்.

தன் வாழ்நாளில் தன்னினும் மூத்த எவரிடத்தும் சொல்லாத ஒன்றை இமாஸ் சொன்னாள்.

"கிடைக்கலையே பாக்."

அவள் எதிர்பார்த்த சினம் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும்மா. மூணு கடைய ஒண்ணாக்கினப்போ, யார் பேரும் கீழ போகாதுன்னு ஒரு பேச்சு. வாவான் பேர எடுத்தா அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். அதுதான் எனக்குப் பயம். ஒண்ணுமே சொல்லாம ஆறு மாசம் வீட்டுப் பக்கம் வர மாட்டான்."

"நான் போய்ச் சொல்றேன் பாக்."

"நீ சொன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? 'ரொம்ப நல்லது, பார்க்கலாம்'பாங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கீழே இடமில்லாமல் வழிந்த அழைப்பு ஒன்று அவருடைய மேசைத் தொலைபேசியில் ஒலித்தது. பழக்கத்தால் எடுத்தார். மஜலாயாவிலிருந்து ஒரு தையற்காரர். ஊசி ஒடிவதைப் பற்றி ஏதோ சொன்னார். ஹாஜி இரண்டு கேள்வி கேட்டுத் தாளில் குறித்தார். எதிர்முனை வேறொன்று கேட்டது. ஹாஜி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணாம் தேதியா?" என்றார் மெதுவாக. "இல்ல இல்ல, நிக்காது. ஃபோன் இருக்கும். பெருநாள் முடியுற வரைக்கும் இருக்கும். கூப்பிடுங்க." வைத்துவிட்டு இமாஸின் பக்கம் திரும்பினார். "முதல்ல என் பேர எடு."

"பாக்?"

"மூத்தவன் பேரே போயிடுச்சுன்னா தம்பிங்க எந்த வாயால தங்களோட பேர வெச்சுக்கச் சொல்வாங்க? அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். இருக்கட்டும். இப்பவே எடு, நான் பார்க்கலாம்னு சொல்றதுக்குள்ள."

அவள் நின்றபடியே மடிக்கணினியைத் திறந்தாள். முகப்பிலிருந்து சேசேப் என்னும் பெயர் மறைந்தது. இரண்டு வாயில்களும் ஒரு வெற்றிடமும் எஞ்சின. ஹாஜி தம்பியர் இருவர்க்கும் 'தளத்தைப் பாருங்கள்' என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

கால்மணி நேரத்தில் வாவான் அழைத்தார். "காங், உங்க பேரக் காணோமே! ...இல்ல, எனக்கொண்ணும் இல்ல. அந்த எடத்துல எழுத்து ரொம்ப நெருக்கமா இருக்கு, எடம் விட்டா நல்லது. என்னுதையும் எடுத்துடச் சொல்லுங்களேன்." ஹாஜி இமாஸைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவது பெயரும் போயிற்று.

யாயானிடமிருந்து அழைப்பு வரவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஹாஜி போய்த் திரும்பினார், அப்போதும் வரவில்லை. முகப்பில் அவர் பெயர் ஒன்று மட்டும், திருவிழா கலைந்த மைதானத்தில் நிற்கும் ஒற்றைப் பந்தலைப்போல் நின்றது. இமாஸ் அறையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தாள். சினம் கொண்டிருப்பாரோ? பிரிந்து போவாரோ? தன்னால் ஒரு குடும்பம் உடையுமோ? ஹாஜி தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

படிகளில் செருப்போசை கேட்டது. யாயானே வந்து நின்றார், மூச்சு வாங்க, முகம் சிவக்க.

"என்ன காங் இது! மேல என் பேர் மட்டும் தனியா நிக்குது. சந்தையில நாலு பேர் வந்து, 'முழுக் கடையும் ஒங்களுதா ஹாஜி'ன்னு கேட்டுட்டாங்க. வெளிய தல காட்ட முடியல. நெங், உனக்குப் புண்ணியமாப் போகும், எடுத்துடு!"

அவள் எடுத்தாள். எடுத்த இடத்தில் ஐந்து சொற்களும் ஏறின. மூன்று சகோதரரும் தோளோடு தோள் உரச நின்று அவற்றைப் பார்த்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "நல்லா இருக்கு" என்றார் யாயான். அது எந்த 'நல்லா இருக்கு' என்று இமாஸால் அறிய முடியவில்லை. கீழே தொலைபேசிகள் முன்போலவே ஒலித்தன. இந்த நேரத்தில் யார், எதைத் தேடிக் கிடைக்காமல் அழைக்கிறார்கள் என்று கேட்க, அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.